நான்தான் பேசுகிறேன்

மார்ச் 4, திங்கள்

இன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள்: ஆவுடையம்மாளாகிய நான். என் மகன் சங்கரன். அவன் பெண்டாட்டி அமுதவல்லி. தாடி வைத்த டாக்டர். கையில் மீன் படம் பச்சை குத்தியிருந்த நர்ஸ். வேறு யாரும் கிடையாது. நாளைக்கு 'நான் அங்கே இல்லையே' என்று ஒருத்தரும் தப்பித்துக்கொள்ளக் கூடாது. அதற்காகத்தான் முதல் வேலையாக இதை எழுதி வைக்கிறேன்.

எங்கள் ஊர் சங்கரன்கோவிலில் அப்படி எழுதி வைக்காமல் ஏமாந்தேன். சங்கரன் அப்பாவுக்கு வயிற்றில் என்ன என்று மதுரை டாக்டர் சொன்னபோது கூட இருந்தவர் சங்கரனின் பெரியப்பா கைலாசம். எங்களிடம் வந்து 'சாதாரணக் குடல்புண்' என்றார். கத்தி வைத்தார்கள். சங்கரன் அப்பா அப்புறம் கண்ணைத் திறக்கவே இல்லை. தனக்கு என்ன நோய் என்று தெரியாமலே போய்விட்டார்கள். பிறகு கேட்டால், டாக்டர் தன்னிடம் ஒன்றுமே சொல்லவில்லை என்று கைலாசம் கோயில் வாசலில் நின்று சத்தியம் செய்தார். அவர் செத்ததற்கு நான் போகவில்லை. போக மாட்டேன் என்று அவர் உயிரோடு இருக்கும்போதே சொல்லியிருந்தேன்.

என் கழுத்தில் ஒரு கட்டி. சுண்டைக்காயாக இருந்தது நெல்லிக்காயாகிவிட்டது. இன்றைக்கு ஊசியை விட்டு உறிஞ்சினார்கள். அமுதவல்லி என் கையைப் பிடித்தாள். உருவிக்கொண்டேன். டாக்டர் என் முகத்தைப் பார்த்தே பேசினார், அமுதவல்லி தமிழில் சொன்னாள். முடிவு வந்ததும் போன் செய்வார்களாம். இந்த ஊர் வழக்கப்படி நோயாளியிடம்தான் நேரே சொல்வார்களாம். எனக்கு அது பிடித்தது. அமுதவல்லி வீட்டு போன் நம்பரையும் தன் செல் நம்பரையும் கொடுத்தாள். அவள் நம்பர் எதற்கு?

வெளியே வரும்போது சங்கரன் மட்டும் திரும்பிப் போய் டாக்டரிடம் இங்கிலீஷில் தனியாக என்னவோ பேசினான். அம்மாவுக்கு வலிக்காமல் பாருங்கள் என்று சொல்லியிருப்பான். தங்கமான பிள்ளை.

மார்ச் 11, திங்கள்

இட்லி மாவு பொங்கவில்லை. ஸ்பெயின் தேசத்தில் இந்தச் சரகோசா ஊரில் மார்ச் மாதத்திலும் எலும்பைக் குடைகிற காற்று. பேத்தி மகிழினியைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வர ஆள் வேண்டும் என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்த நாலாம் மாடிக்கு என்னைக் கொண்டு வந்தார்கள். மாவுக்குக் கம்பளி போர்த்திப் பார்த்தேன். எனக்குக் குளிர்ந்ததுதான் மிச்சம்.

காலையில் கேட்டேன், "ஆஸ்பத்திரிலேர்ந்து போன் வந்துச்சா?"

"இன்னும் வரலைங்க அத்தை" என்றாள் அமுதவல்லி. கோபிச்செட்டிப்பாளையத்துக்காரி. ஒரு பேச்சுக்கு மூன்று 'ங்க' போடுவாள். இத்தனை மரியாதை வைத்துப் பேசுகிறவளை நான் நம்புவதில்லை. எங்கள் பக்கத்து மருமகள்களாவது முகத்துக்கு நேராகச் சண்டை போடுவார்கள். எதை மறைக்கிறாள் என்று கண்டுபிடிக்கலாம்.

சாயங்காலம் சங்கரன் தன் கையாலேயே பால் ஆற்றி, பச்சை நிறத்தில் ஒரு பொடி கலந்து தந்தான். "குற்றாலத்துலேர்ந்து வந்த சத்துப் பொடிம்மா. ஒனக்குன்னே வரவழைச்சேன்." கசப்பு. ஆனாலும் குடித்தேன். பிள்ளை கொடுத்தது.

அவன் அந்தப் பக்கம் போனதும் அமுதவல்லி மெதுவாக வந்து, "அந்தப் பொடி வேண்டாங்க அத்தை, ஊத்திடுங்க" என்றாள்.

என் பிள்ளை எனக்கு ஒரு டம்ளர் பால் தருவது இவளுக்குப் பொறுக்கவில்லை.

மார்ச் 13, புதன்

இன்று வகுப்பில் போன் பாடம். பெரியவர்களுக்கான இந்தப் பள்ளிக்கூடத்தில் என் பெயரைக் கொடுத்ததும் அமுதவல்லிதான். காலை நேரத்தில் என்னை வீட்டில் இருக்க விடாமல் செய்யும் ஏற்பாடு என்று அப்போதே நினைத்தேன். இருந்தாலும் போகிறேன். ஊரில் ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்தியவர் என் பெரிய மாமா. அவர் பெயர் வேறொரு கணக்கில் இருக்கிறது.

டீச்சர் பெயர் லூர்தெஸ். நம் ஊர் லூர்து டீச்சர் போலவே கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு கண்ணாடியைத் தேடுவாள். இரண்டு நாற்காலிகளை முதுகுக்கு முதுகாகப் போட்டாள். போனில் முகம் தெரியாது அல்லவா, அதற்காக. ஒரு நாற்காலியில் நான், மற்றதில் மொரோக்கோக்காரி ஹலீமா. நேருக்கு நேர் என்றால் நான் கண்ணை உருட்டி, கையை ஆட்டி, பாதி ஸ்பானிஷும் பாதி கையுமாகச் சமாளித்துவிடுவேன். முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்ததும் கை இரண்டும் செத்துப் போயின. வார்த்தை மட்டும்தான் மிச்சம். அதுவும் என்னிடம் கொஞ்சம்தான்.

போனை எடுத்தால் இவர்கள் 'தீகமே' என்கிறார்கள். 'சொல்லுங்க' என்று அர்த்தமாம். நாமும் போனை எடுத்தால் 'சொல்லுங்க' என்றுதானே சொல்கிறோம்? யார் யாரிடமிருந்து திருடினார்கள் என்று தெரியவில்லை.

ஹலீமா டாக்டர் ஆபீஸ்காரி. நான் நோயாளி. அவள் 'தீகமே' என்றாள். நான் ஸ்பானிஷில் "சாப்பிட்டாச்சா?" என்று ஆரம்பித்தேன். வகுப்பே சிரித்தது. போனில் முதலில் நான் யார் என்று சொல்ல வேண்டுமாம், பிறகு என்ன வேண்டும் என்று. சாப்பாட்டைக் கேட்கக் கூடாதாம். சாப்பிட்டாயா என்று கேட்காமல் எடுத்த எடுப்பில் காரியத்தைப் பேசினால் எதிரில் இருக்கிறவள் என்ன நினைப்பாள்?

இடைவேளையில் ஹலீமா கேட்டாள், "நீ எல்லாரிடமும் அதைக் கேட்பாயா?"

"எல்லாரிடமும்."

"மருமகளிடமுமா?"

ஜன்னலில் காற்று அடித்தது. எழுந்து போய் மூடினேன்.

மார்ச் 20, புதன்

 நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

பகலில் நான் தனியாக இருக்கும்போது வீட்டு போன் அடித்தது. எடுத்து, பாடத்தில் சொன்னபடி, "தீகமே" என்றேன். ஒரு பெண் குரல். கடகடவென்று பேசியது. நடுவில் "செஞ்ஞோரா", அதாவது அம்மா, என்று சொல்லி, என் புருஷன் பெயரைச் சொன்னது.

அந்தப் பெயரை நான் சொன்னதே இல்லை. இங்கேயும் எழுத மாட்டேன். ரேஷன் கடையில் கேட்டால் பக்கத்தில் நிற்கிறவளைச் சொல்லச் சொல்வேன். எங்கள் ஊர் அம்மனுக்கும் அந்தப் பெயரின் முன்பாதிதான் பெயர். அதனால் கோயிலில்கூட 'அம்பாளே' என்றுதான் கும்பிடுவேன். அப்படிப்பட்ட பெயரை, பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன மனுஷரின் பெயரை, எவளோ ஒருத்தி என் காதுக்குள் கூப்பிட்டால் எப்படி இருக்கும்? பொத்தென்று போனை வைத்துவிட்டேன்.

ஆனால் வைப்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை காதில் விழுந்தது. 'ஒஸ்பித்தால்.' அதற்கு எந்த டீச்சரும் வேண்டாம். ஆஸ்பத்திரி.

சங்கரன் வந்ததும் கேட்டேன். சிரித்தான். "இங்க எல்லாருக்கும் ரெண்டு பேரு வேணும்மா. நமக்கு அப்பா பேரு கடைசிப் பேரு. ஒன் பாஸ்போர்ட்ல அப்பா பேர்தான் ஒன் கடைசிப் பேரு. எனக்கும் அதான். ஒன்னத்தான் கூப்புட்டிருக்காவ."

"யாருல கூப்புட்டது?"

"கரண்ட் கம்பெனியா இருக்கும். வெளம்பரம்."

"ஒஸ்பித்தால்னாளே?"

"ஒனக்குச் சரியாக் கேட்டிருக்காதும்மா. நீ இனிமே போன் எடுக்காத. குழப்பம்."

பாவம், அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இவள் அவனிடமும் மறைக்கிறாள்.

மார்ச் 21

மாவு பொங்கியது. போன் வரவில்லை.

ஏப்ரல் 9, செவ்வாய்

பிடித்துவிட்டேன்.

துணி துவைக்கும் இயந்திரம் பின்பக்கம் ஒரு சின்ன இடத்தில் இருக்கிறது. அங்கே நின்று பேசினால் கூடத்தில் கேட்காது என்று அவள் நினைப்பு. நான் ஈரத் துணி வாளியோடு கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு அமுதவல்லி சொன்னாள், "ஸி, சோய் யோ." ஆமாம், நான்தான் பேசுகிறேன். அதற்கு அடுத்தபடியாக ஒரு பிறந்த தேதி சொன்னாள். ஜூன் ஒன்று, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்று. மாதமும் எண்ணும் எனக்கு நன்றாகத் தெரியும், ஹலீமாவும் நானும் நாள் முழுவதும் அதைத்தான் கத்திக்கொண்டிருக்கிறோம்.

அவள் பிறந்த வருஷமா அது? அது என்னுடையது. அதுவும் என் நிஜப் பிறந்தநாள்கூட அல்ல. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர் வாயில் வந்ததைப் போட்டார், எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு ஜூன் ஒன்றுதான். காகிதத்தில் மட்டும் இருக்கிற தேதி. அதைச் சொல்லி, என் புருஷன் பெயரையும் சொல்லி, ஒருத்தி நானாகிக்கொண்டு நிற்கிறாள்.

அப்புறம் அவள் 'ஸி, ஸி, ஸி' என்றாள். எதற்கு ஆமாம் போட்டாள்?

என்னைக் கண்டதும் போனை முந்தானையில் ஒளித்தாள். "துணி நான் காயப் போடறனுங்க அத்தை" என்று வாளியை வாங்கினாள். கை ஐஸாகக் குளிர்ந்திருந்தது. திருடுகிறவர்கள் கை அப்படித்தான் இருக்கும்.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருஷப் பிறப்பு. வேப்பம்பூ கிடைக்கவில்லை. மாங்காய்க்குப் பதிலாகப் பச்சை ஆப்பிள் போட்டுப் பச்சடி செய்தாள் அமுதவல்லி. மகிழினி இரண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டாள். நான் கிண்ணத்தைத் தள்ளி வைத்தேன்.

அவள் பாத்திரம் கழுவும்போது சங்கரனிடம் சொல்லிவிட்டேன். "ஏல, ஒம் பெண்டாட்டி ஆஸ்பத்திரிக்காரங்ககிட்ட என்னை மாதிரிப் பேசுதா. எங் காதால கேட்டேன். என்னமோ செய்யுதா."

அவன் தோசையைப் பிட்டுக்கொண்டே இருந்தான். "விடும்மா."

"என்னல விடச் சொல்லுத? எனக்கு என்ன வந்திருக்குன்னு அவ தெரிஞ்சு வச்சிக்கிட்டு மறைக்கா. கைலாசம் மாதிரி மறைக்கா."

"அவ அப்படித்தாம்மா. நீ மனசுல வச்சிக்காத." எழுந்து கை கழுவப் போனான். தட்டில் பாதித் தோசை கிடந்தது. பெண்டாட்டியின் குணம் தெரிந்தும் பொறுத்துப் போகிறானே, எப்பேர்ப்பட்ட பிள்ளை என்று நினைத்தபடி மிச்சத் தோசையை நானே தின்றேன். 

ஏப்ரல் 18

பொடி தீர்ந்தது. புதுப் பொட்டலம் வந்திருக்கிறது. இது இன்னும் கசப்பு.

மே 2, வியாழன்

காலையில் இரண்டு பேருக்கும் சண்டை. கதவு சாத்தியிருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு போடுகிற சண்டை. எனக்குக் கேட்டது அமுதவல்லி சொன்ன ஒன்றே ஒன்றுதான்: "உங்கம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க. இனி என்னால முடியாதுங்க."

என்ன சொல்ல வேண்டும் என்னிடம்? ஊருக்குப் போ என்றா? இனி இவளால் என்ன முடியாது? என்னை வைத்துக்கொள்ளவா?

சங்கரன் முகம் வெளுத்து வெளியே வந்தான். "ஒண்ணுமில்லம்மா" என்றான். மதியம் அவனுக்குப் பிடித்த புளிக்குழம்பு வைத்தேன்.

கழுத்துக் கட்டி சேலைத் தலைப்பைப் போட்டாலும் வெளியே தெரிகிறது. தண்ணீர் குடித்தால் ஒரு இடத்தில் நின்று யோசித்துவிட்டு இறங்குகிறது.

மே 7, செவ்வாய்

லூர்தெஸ் வீட்டுப் பாடம் கொடுத்தாள். நிஜமான ஒரு ஆளுக்கு நிஜமாகப் போன் செய்ய வேண்டும். ஹலீமா பழக்கடைக்குப் பேசி, தர்பூசணி வந்துவிட்டதா என்று கேட்டாள். 'இல்லை' என்று சொன்னதை அவள் நல்ல சேதி போல வகுப்பில் சொன்னாள்.

"நீ யாருக்குப் பேசப் போகிறாய், ஆவுதா?" என்றாள் லூர்தெஸ் என்னிடம். இவர்களுக்கு என் பெயரில் பாதிதான் வாயில் நுழையும்.

நான் சொன்னேன், "என்னைத் திருடியவள் யாரிடம் பேசுகிறாளோ அவர்களுக்கு." எனக்குத் தெரிந்த ஸ்பானிஷில் அது எப்படி வந்ததோ, ஹலீமா என் தோளைத் தட்டி, போலீஸுக்கா என்று கேட்டாள்.

மே 15, புதன்

முதல் நாள் ஆஸ்பத்திரியில் தந்த காகிதத்தை நான் அமுதவல்லியிடம் கொடுக்கவில்லை. என் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். மேலே போன் நம்பர் இருக்கிறது. எண்ணை வாசிக்க எனக்கு ஆள் வேண்டாம்.

ஒரு வாரமாக ஒத்திகை. அடுப்புக்கு முன்னால் நின்று, முதுகைத் திருப்பிக்கொண்டு, சாம்பாரிடம் பேசுகிறேன். நான் ஆவுடையம்மாள். என் கழுத்து. முடிவு என்ன? மெதுவாகப் பேசுங்கள், தயவு செய்து. எல்லாம் வருகிறது. குடும்பப் பெயர் என்ன என்று கேட்கிற இடத்தில் மட்டும் வாய் பூட்டிக்கொள்கிறது. சாம்பாரிடம்கூடச் சொல்ல வரவில்லை.

மே 21, செவ்வாய். மத்தியானம்

வீட்டில் இருந்தவர்: நான் மட்டும்.

போட்டேன். மணி அடித்தது. பாட்டு வந்தது. இயந்திரம் பேசியது. மறுபடியும் பாட்டு. பிறகு ஒரு பெண், களைத்த குரல். "தீகமே."

நான் யார் என்று முதலில் சொல்ல வேண்டும் என்று லூர்தெஸ் தலைபாடாக அடித்துக்கொண்டதெல்லாம் போயே போய்விட்டது. என் வாயில் வந்தது, "சாப்பிட்டாச்சா?"

 வைத்துவிட்டாள் என்று நினைத்தேன். அப்புறம் சிரித்தாள். "இன்னும் இல்லை செஞ்ஞோரா. மூன்று மணி ஆகும்" என்றாள். அதற்கப்புறம் அவள் பேச்சே மாறிவிட்டது. குழந்தைக்குச் சோறு பிசைந்து தருகிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையாக வைத்தாள்.

பெயர் கேட்டாள். ஆவுடையம்மாள். சொன்னேன். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்.

குடும்பப் பெயர் கேட்டாள்.

பக்கத்தில் யாரும் இல்லை. ரேஷன் கடை வரிசை இல்லை. மகிழினி பள்ளிக்கூடத்தில். எதிரில் சுவர்தான். "செஞ்ஞோரா? இருக்கிறீர்களா?" என்றாள் அவள். இருக்கிறேன். இருப்பதற்குத்தான் இந்தப் பாடெல்லாம். கண்ணை மூடிக்கொண்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று உள்ளே சொல்லிவிட்டு, முழுப் பெயரையும் சொன்னேன். கல்யாணமான நாள் முதலாக முதல் தடவை. வீடு இடிந்து விழவில்லை. அவள் தட்டச்சு செய்கிற சத்தம் மட்டும் கேட்டது.

பிறந்த தேதி கேட்டாள். ஹெட்மாஸ்டர் கொடுத்ததைச் சொன்னேன்.

"ஆ, செஞ்ஞோரா!" என்றாள், தெரிந்தவளைப் போல. கழுத்தில் ஆபரேஷன், ஆபரேஷன் என்றாள். அந்த வார்த்தையும் கிட்டத்தட்ட நம்முடையதுதான். கான்சர் என்ற வார்த்தையும் அப்படியே. டாக்டர்தான் விளக்கிச் சொல்லுவார் என்றாள், குணமாகக் கூடியது, சீக்கிரம் எடுக்க வேண்டியது என்றாள். நான் நின்றபடியே இருந்தேன். தெரிந்துவிட்டது. தெரியாமல் இருந்ததுதான் பயமாக இருந்தது.

"எப்போ ஆபரேஷன்?" என்றேன்.

"இரண்டு தடவை நாள் கொடுத்தோமே" என்றாள்.

"நான் வேண்டாம்னு சொன்னேனா?" அமுதவல்லியை இந்த இடத்தில் பிடித்துவிடலாம் என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"இல்லை இல்லை" என்றாள் அவள். எனக்கு விளங்குவதற்காக மெதுவாக, மறுபடியும் மறுபடியும் சொன்னாள். அந்த ஸ்பானிஷை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அதில் கஷ்டமான வார்த்தை ஒன்றுகூட இல்லை. "நீங்கள், ஸி. உங்கள் மகன், நோ. நீங்கள் மறுபடியும் கூப்பிட்டீர்கள், ஸி. உங்கள் மகன் மறுபடியும் கூப்பிட்டார், நோ." இந்த இரண்டாவது 'நோ' ஏப்ரல் மாதம் முப்பதாம் தேதி என்றாள்.

'நீங்கள்' என்றால் நான் அல்ல. 'நீங்கள்' என்றால் துணி துவைக்கும் இடத்தில் நின்று, கை ஐஸாகக் குளிர, என் பெயரையும் என் தேதியையும் சொன்னவள்.

"இப்போது சொல்லுங்கள், செஞ்ஞோரா. ஸியா, நோவா?"

"ஸி" என்றேன். "நான்தான் பேசுகிறேன். இனிமேல் நான்தான் பேசுவேன். மகன் கூப்பிட்டால் கேட்காதீர்கள்."

ஜூன் பதினொன்று என்றாள். இனி மாற்றினால் பட்டியலின் கடைசிக்குப் போய்விடுவீர்கள் என்றாள். போனை வைக்கும்போது, "போய்ச் சாப்பிடு" என்றேன்.

மே 21. சாயங்காலம்

இருந்தவர்கள்: நான், சங்கரன், அமுதவல்லி. மகிழினியைக் கீழ்வீட்டுத் தோழியோடு விளையாட அனுப்பிவிட்டேன்.

சங்கரன் பால் டம்ளரோடு வந்தான். வாங்கி மேஜையில் வைத்தேன். "இது என்ன பொடில?"

"சத்துப் பொடிம்மா."

"கட்டி கரையுற பொடியா?"

டம்ளரைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை. சட்டென்று பெண்டாட்டி பக்கம் திரும்பினான். "நீ சொல்லிட்டியா?"

"நான் சொல்லலைங்க" என்றாள் அமுதவல்லி.

"அவ சொல்லலைல. நான் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினேன்."

"நீயா? ஸ்பானிஷ்லயா?" அவனுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. "என்னன்னு பேசின?"

"ஒங்கப்பா பேரச் சொல்லிப் பேசினேன்."

சிரிப்பு போய்விட்டது. நாற்காலியைத் தேடி உட்கார்ந்தான். அவனுக்குத் தெரியும், என் வாயில் அந்தப் பெயர் வந்தது என்றால் அது என்ன என்று.

பிறகு அழுதான். அப்பாவைக் கத்திக்குக் கொடுத்துவிட்டுத் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நின்றதை மறக்க முடியவில்லையாம். துணைக்கு யாரும் இல்லாமல் தனியாக நின்றானாம். குற்றாலத்து வைத்தியர் கத்தி வைத்தால் பரவிவிடும் என்றாராம். "ஒனக்குத் தெரிஞ்சா நீ பயந்துருவம்மா. தெரியாமலே கரைஞ்சு போயிரட்டும்னு நெனச்சேன்."

"பயந்தது யாருல?" என்றேன்.

அமுதவல்லி அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவளிடம், "ஏட்டி, நீயாவது எங்கிட்ட நேராச் சொல்லியிருக்கலாம்லா?" என்றேன்.

"சொன்னா நம்பியிருப்பீங்களாங்க அத்தை?" என்றாள். மரியாதையாகத்தான் கேட்டாள். "உங்க பையனைப் பத்தி நான் சொல்லி?"

 பால் டம்ளரை எடுத்துப் போய்த் தொட்டியில் ஊற்றினேன்.

மே 23, வியாழன்

லூர்தெஸ் வீட்டுப் பாடத்தைக் கேட்டாள். பேசினேன் என்று சொன்னேன். என்ன கேட்டாய் என்றாள். நாள் கேட்டேன் என்றேன். ஹலீமா மட்டும் என் கழுத்தைப் பார்த்தாள்.  பிறகு இடைவேளையில் தன் பையிலிருந்து பேரீச்சம்பழம் எடுத்து என் கையில் திணித்தாள்.

வகுப்பு முடிந்ததும், பழகிக்கொள்வதற்காக, அமுதவல்லியின் செல்லுக்குப் போன் செய்தேன். அவள் வேலை பார்க்கும் இடத்தில் எடுத்தாள். "தீகமே?"

"சாப்பிட்டியாட்டீ?" என்றேன். தமிழில்.

 மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. சிக்னல் சரியில்லை என்று நினைத்து வைத்துவிட்டேன்.

ஜூன் 10, திங்கள்

ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். நாளைக் காலையில் கத்தி. மத்தியானமே சேர்த்துக்கொண்டார்கள்.

இன்றைக்கு இந்த அறையில் இருந்தவர்கள்: நான். அமுதவல்லி. ஒரு மணி நேரம் வந்து போன ஹலீமா. என் பக்கத்துக் கட்டிலில், போனில் ஓயாமல் கத்துகிற ஒரு கிழவி. அவளுக்கு என்னைவிட வயது குறைவுதான். வாசல் பக்கம், உள்ளே வரலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்த சங்கரன். ஏசி அவனுக்கு ஒத்துக்கொள்ளாது, சளி பிடிக்கும். என் சால்வையைக் கொடுத்து அனுப்பினேன். அது வேறு, இது வேறு.

பதிவு செய்கிற பெண் வந்து, ஏதாவது ஒன்று என்றால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று கேட்டாள். பெயர் சொன்னேன், நம்பர் சொன்னேன். என்ன உறவு என்றாள். மருமகள் என்பதற்கு ஸ்பானிஷில் ஒரு சொல் உண்டு, அந்த நேரத்துக்கு அது ஞாபகத்துக்கு வரவில்லை. 'இஹா' என்று சொல்லிவிட்டேன். மகள் என்று எழுதிக்கொண்டாள். அமுதவல்லி தலையணை உறையைச் சரிசெய்வது போலத் திரும்பிக்கொண்டாள்.

நாளைக்கு என்ன ஆனாலும் கணக்கு பாக்கி இருக்கக் கூடாது என்று யோசித்துப் பார்த்தேன். ஐந்தாம் வகுப்போடு நிறுத்திய பெரிய மாமாவை விட்டுவிட்டேன். கல்யாணத்தன்று எனக்குக் கடைசிப் பந்தியில் இலை போட்டவளை விட்டுவிட்டேன். கைலாசத்தைக்கூட விட்டுவிட்டேன். அவர் மறைத்தார், ஆனால் அந்தப் பழியை இன்னொருத்தி தலையில் இறக்கிவிட்டு வேடிக்கை பார்க்கவில்லை.

பயந்து மறைத்ததை நான் பெரிதாக எடுக்கவில்லை. பிள்ளை பயப்படுவான், அதற்குத்தான் தாய். ஆனால் நான் அவளைத் திருடி என்றேன், கைலாசம் என்றேன். அவள் எனக்காக இரண்டு தடவை 'ஸி' என்று சொன்னது அவனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே என் எதிரில் உட்கார்ந்து தோசையைப் பிட்டுக்கொண்டு, "அவ அப்படித்தாம்மா" என்றானே. அதை நான் விட மாட்டேன்.

பெயரும் குடும்பப் பெயரும் சொல்லுங்கள் என்பார்கள் இந்த ஊரில். முழுசாகச் சொன்னால்தான் ஆள் யார் என்று தெரியும், தப்பிக்க முடியாது. இப்போது எனக்கு அதைச் சொல்ல வாய் வருகிறது. எழுதவும் கை வருகிறது. கணக்கில் மிச்சமிருக்கிற என் பிள்ளையின் முழுப் பெயர்:

சங்கரநாராயணன் கோமதிநாயகம்.